கேப்டன் லட்சுமியின் கான்பூர்

சென்னையிலிருந்து கான்பூர் போகிற ரயில் நாக்பூர், போபால், ஜான்சி என்று தொட்டுக்கொண்டு போகும். ஜான்சி ஸ்டேஷன் பலகையில் இப்போது 'வீராங்கனா லட்சுமிபாய் ஜான்சி' என்று நீட்டி எழுதியிருக்கிறார்கள். அந்த ராணியின் பெயரைத் தாங்கிய படையை நடத்திய இன்னொரு லட்சுமியைத் தேடித்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். அவருக்குச் சமாதி கிடையாது. சமாதி இல்லாதவரைத் தேடிப் போகும்போது ஊரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

எதிர் பெர்த்தில் வந்தவர் வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர் அது. ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர்; மகன் கான்பூர் கன்டோன்மென்ட்டில் இருக்கிறானாம், பேரனைப் பார்க்கப் போகிறார். கேன்டீன் ரம்மின் விலையில் தொடங்கி எல்லாம் பேசி முடித்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எதுக்கு தம்பி கான்பூர்? தோல் வியாபாரமா?"

"இல்லீங்க ஐயா. கேப்டன் லட்சுமி இருந்த ஊரைப் பாக்கணும்னு."

"நேதாஜி படையில இருந்தாங்களே, அந்தம்மாவா? அவங்க மெட்ராஸ்காரங்கன்னுல்ல சொல்வாங்க?"

மெட்ராஸ்தான். 1914 அக்டோபர் 24-ஆம் தேதி பிறந்தார். அப்பா சுவாமிநாதன் பெயர்பெற்ற வக்கீல். அம்மா அம்மு சுவாமிநாதன் பாலக்காட்டு ஆனக்கரையைச் சேர்ந்தவர். பின்னால் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்த பெண்களில் ஒருவர். நாட்டியக் கலைஞர் மிருணாளினி சாராபாய் தங்கை. லட்சுமி மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து 1938-ல் எம்.பி.பி.எஸ். வாங்கினார், மகப்பேறு மருத்துவத்தில் டிப்ளமாவும் பெற்று 1940-ல் சிங்கப்பூர் போனார். அங்கே அவர் திறந்த கிளினிக்குக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளிகள்.

இவ்வளவையும் ஹவில்தார் பொறுமையாகக் கேட்டார். பட்டாளத்துக்காரர் மனசு எங்கே போகுமோ அங்கேதான் அவருடைய கேள்வியும் போனது.

"சரி, அவங்க படையில இருந்தவங்களுக்கெல்லாம் பென்ஷன் உண்டா?"

அந்தக் கேள்விதான் இந்தப் பயணத்தின் பாதி. 1945-ல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் (ஐ.என்.ஏ.) சரணடைந்தபோது, பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து அதில் சேர்ந்திருந்தவர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகள் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சைகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர்மேல் வழக்கு நடந்தது. புலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார். ஆயுள் தண்டனை தீர்ப்பானது. நாடே கொந்தளித்ததில் 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் தண்டனையை ரத்து செய்து விட்டுவிட்டார். மூவருக்கும் ஊரெல்லாம் மாலை விழுந்தது. ஆனால் 1947-க்குப் பிறகும் சுதந்திர இந்தியாவின் ராணுவம் அந்தப் படைக்காரர்களை மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கான மத்திய அரசின் பென்ஷன் 1972-ல்தான் வந்தது. நாட்டுக்கு அப்போது 25 வயது.

"இருபத்தஞ்சு வருஷம் என்ன பண்ணியிருப்பாங்க?" என்றார் ஹவில்தார். பதிலுக்குக் காத்திராமல் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

லட்சுமியை 1945 மே மாதம் பர்மாவில் பிரிட்டிஷார் பிடித்து அங்கேயே வைத்திருந்து, 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். வந்தவருக்கு ஊர் ஊராக வரவேற்பு. அந்தக் கூட்டங்களில் அவர் பேசியதும் நிதி திரட்டியதும் வேலையற்று வீடு திரும்பிய ஐ.என்.ஏ.காரர்களுக்காக. 1947 மார்ச்சில் லாகூரில் பிரேம் சைகலைக் கல்யாணம் செய்துகொண்டார். செங்கோட்டை வழக்கின் மூன்று பேரில் அந்த ஒருவர். பர்மாவின் போப்பா மலையில் படை நடத்தியவருக்கும் இனி ராணுவத்தில் இடமில்லை. கான்பூரில் துணி ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். புருஷனுக்கு ஆலை, பெண்டாட்டிக்குக் கிளினிக் என்று இருவரும் அங்கே குடும்பம் நடத்தத் தொடங்கினார்கள்.

கான்பூர் சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோ பிடித்து நேரே மோத்தி ஜீல் போய்விடலாம். தரைக்கடியில் புத்தம்புது ஸ்டேஷன்கள், மேலே வந்தால் பழைய ஊர். ஒரு காலத்தில் கிழக்கின் மான்செஸ்டர் என்று பீற்றிக்கொண்ட நகரம். எல்கின், மியூர், ஸ்வதேசி, லால் இம்லி என்று ஆலைகளின் பெயர்கள் இன்னும் மக்கள் வாயில் இருக்கின்றன, ஆலைகள்தான் இல்லை. லால் இம்லியின் செங்கல் கட்டடம் கோட்டை மாதிரி நிற்கிறது. புகைக்கூண்டில் புகை கிடையாது. ஆலைகள் ஓடிய நாட்களில் இந்த ஊர்ப் பெண்களின் பிரசவத்தை ஒரு மெட்ராஸ் டாக்டர் பார்த்தார் என்பதை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ஆர்ய நகர் மோத்தி ஜீலுக்குப் பக்கத்தில்தான். கடைத்தெருவும் குடியிருப்பும் கலந்த பகுதி. ஸ்கூட்டருக்கும் ஈ-ரிக்ஷாவுக்கும் ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். மருந்துக் கடை ஒன்றில் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விசாரித்தேன். கல்லாவில் இருந்த இளைஞன் விழித்தான். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"டாக்டர் சாஹிபாவா? எங்கிருந்து வர்றீங்க?"

"சென்னையிலிருந்து, பாபுஜி."

"அட, அவங்க ஊரு!" என்று சொல்லி, பையனைப் பார்த்து டீ சொல்லச் சொன்னார். "காலையில சீக்கிரமே வந்துடுவாங்க. வெள்ளை முடி, காட்டன் புடவை. காசு இருக்கிறவன் கொடுப்பான், இல்லாதவன் கும்பிட்டுப் போவான். அவ்வளவுதான் கணக்கு."

கேப்டன் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஐ.என்.ஏ.வில் லட்சுமி லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்தவர். மக்கள் வாயில் தங்கியது கேப்டன். ஆர்ய நகரில் அதுவும் உதிர்ந்து டாக்டர் மட்டும் நின்றிருக்கிறது. எனக்கு இது சரியாகத்தான் பட்டது. நம் பள்ளிப் புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும் லட்சுமி எப்போதும் தொப்பியும் காக்கிச் சட்டையுமாக, 28, 29 வயதிலேயே நின்றுவிட்டார். சீருடையில் அவர் இருந்தது இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கான்பூரில் இருந்தது 65 வருடம். அதில் 92 வயது வரை நோயாளிகளைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்குச் சிலை வைத்து 65 வருடத்தை மறந்துபோவது நமக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. துப்பாக்கி பிடித்த பெண்ணைக் கொண்டாடுவது சுலபம், பிரிவினை அகதிக்கு இலவசமாகப் பிரசவம் பார்த்த பெண்ணை எந்தப் படத்தில் மாட்டுவது?

அவர்கள் கான்பூருக்கு வந்த நேரம் பஞ்சாபிலிருந்து அகதிகள் ஊருக்குள் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் இழந்து வந்த இந்துக்களும் சீக்கியர்களும் ஒரு பக்கம். இங்கேயே பயந்து ஒடுங்கியிருந்த முஸ்லிம் குடும்பங்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பாரும் அவரிடம் வந்தார்கள். பிரேமின் குடும்பமே லாகூர்க் குடும்பம். அப்பா அச்ரு ராம் லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். வீட்டிலேயே பிரிவினை உட்கார்ந்திருந்தது என்று சொல்லலாம்.

மகள்கள் இருவர், சுபாஷிணி, அனீசா. மூத்தவளின் பெயர் யாரை நினைத்து வைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுபாஷிணி அலி 1989-ல் இதே கான்பூரிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். தமிழ் வாசகர்களுக்கு ஒரு துணுக்கு: மணிரத்னத்தின் 'அலைபாயுதே'யை இந்தியில் 'சாத்தியா'வாக எடுத்த ஷாத் அலி, சுபாஷிணியின் மகன், லட்சுமியின் பேரன்.

அம்மா மகளுக்கு வழிகாட்டுவதுதான் வழக்கம். இந்த வீட்டில் மகள் முதலில் கட்சியில் சேர்ந்தார், அம்மா பின்னால் வந்தார். 1971-ல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் வந்தபோது லட்சுமி எல்லையோர போங்காவ் முகாமுக்குப் போய் வாரக்கணக்கில் வைத்தியம் பார்த்தார். அப்போது அவருக்கு 56 வயது. அதன் பிறகுதான் மார்க்சிஸ்ட் கட்சி உறுப்பினர் ஆனார். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு பரவியபோது மருத்துவக் குழுவோடு போனார். நான் வந்த ரயில் போபாலில் நின்றது. அந்த இரவில் ஸ்டேஷனிலேயே பலர் செத்து விழுந்தார்கள். நாங்கள் இறங்கிச் சமோசா வாங்கினோம்.

அதே வருடம், அதற்கு ஒரு மாதம் முன்பு, இந்திரா காந்தி கொலையை அடுத்து கான்பூரிலும் சீக்கியர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். எழுபது வயதில் லட்சுமி தெருவில் இறங்கிக் கும்பலை எதிர்த்து நின்றார். கிளினிக்கைச் சுற்றியிருந்த சீக்கியர்கள்மேலும் அவர்கள் கடைகள்மேலும் கைவைக்க விடவில்லை. மருந்துக் கடைப் பெரியவர் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தணித்துக்கொண்டார். எதிர்ச் சாரியைக் காட்டி, "அங்க இருந்த கடையெல்லாம்..." என்று தொடங்கினார், டீ வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது.

ஆர்ய நகரிலிருந்து ஸ்வரூப் நகர்ப் பக்கம் நடந்தால் கணேஷ் சங்கர் வித்யார்த்தி மருத்துவக் கல்லூரி. அதை ஒட்டிய லாலா லஜபதி ராய் ஆஸ்பத்திரியை ஊர்க்காரர்கள் இன்றும் பழைய வெள்ளைக்காரப் பெயரில் ஹைலட் என்றுதான் சொல்கிறார்கள். வித்யார்த்தி 'பிரதாப்' பத்திரிகையின் ஆசிரியர். பகத் சிங்கைத் தூக்கில் போட்ட இரண்டாம் நாள், 1931 மார்ச் 25-ல், கான்பூர் கலவரத்தில் இரு மதத்தாரையும் காப்பாற்றப் போய் வெட்டுப்பட்டுச் செத்தவர். 2012 ஜூலை 23-ல் லட்சுமி 97 வயதில் இறந்தபோது, அவர் விருப்பப்படி உடலை இந்தக் கல்லூரிக்குத்தான் கொடுத்தார்கள். நெருப்பும் இல்லை, மண்ணும் இல்லை. எலும்பும் நரம்பும் எங்கே இருக்கின்றன என்று முதலாண்டு மாணவர்கள் படித்துக்கொள்வதற்கு ஓர் உடல். நான் போனபோது வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு சில பெண்கள் கேட்டுக்கு வெளியே சாட் தின்றுகொண்டிருந்தார்கள். உறைப்பு தாங்காமல் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள், மற்றவர்கள் சிரித்தார்கள். உள்ளே போக அனுமதி கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பிட்டூர். மெட்ரோவில் கல்யாண்பூர் வரை போய், அங்கிருந்து ஜி.டி. ரோட்டில் மந்தனா திருப்பம் வரை ஷேர் ஆட்டோ, அப்புறம் இன்னொரு வண்டி. வழியில் ஐ.ஐ.டி. கான்பூர். 1960-களில் அமெரிக்காவிலிருந்து இங்கே பாடம் நடத்த வந்த பீட்டர் வார்ட் ஃபே என்ற வரலாற்றுப் பேராசிரியர், ஊருக்குள் சைகல் தம்பதியைச் சந்தித்தார். அவர்களோடு பேசிப் பேசிச் சேர்த்ததை வைத்து, 1993-ல் ஐ.என்.ஏ. பற்றி 'மறக்கப்பட்ட படை' என்ற பொருளில் தலைப்பிட்ட பெரிய நூலைக் கொண்டுவந்தார். புத்தகம் வருவதற்கு முந்தைய வருடம் பிரேம் இறந்துவிட்டார். வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளிக்கு இவர்கள் கதை சொல்லியிராவிட்டால் அந்தப் படையைப் பற்றி நமக்குத் தெரிவது இன்னும் குறைவாகவே இருந்திருக்கும்.

பிட்டூரில் கங்கை அமைதியாகப் போகிறது. பிரம்மாவர்த்த படித்துறையில் படகுக்காரர்கள் விடாமல் கூப்பிடுகிறார்கள். பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் ஆங்கிலேயரிடம் தோற்று இங்கே வந்து தங்கினார். மணிகர்ணிகா என்ற சிறுமி, பின்னாளில் ஜான்சி ராணி, நானா சாகிப்போடும் தாத்யா தோபேயோடும் குதிரையேறி வளர்ந்தது இந்த ஊரில்தான். 1858 ஜூனில் குவாலியர் பக்கம் போரில் இறந்தாள். 85 வருடம் கழித்து, 1943 ஜூலையில், சிங்கப்பூர்த் திடலில் சுபாஷ் சந்திர போஸ் பெண்கள் படை வேண்டும் என்றார். சில நாட்களிலேயே சுமார் 20 பெண்களைத் திரட்டி, கனமான ரைஃபிள்களைத் தூக்கவைத்து, அவருக்கு அணிவகுப்பு மரியாதை கொடுக்கவைத்தார் டாக்டர் லட்சுமி. போஸோடு மணிக்கணக்கில் பேசிய பிறகு கிளினிக்கை மூடிவிட்டுச் சேர்ந்தார். அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் முகாம் திறந்தது. ஜான்சி ராணி ரெஜிமென்ட் பிறந்தது.

ஜான்சி ராணியின் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஜான்சியைப் பார்த்ததில்லை, இந்தியாவையே பார்த்ததில்லை. மலாயா ரப்பர்த் தோட்டங்களில் விடிவதற்கு முன் எழுந்து பால் வெட்டப் போன தமிழ்ப் பெண்கள். கங்காணியின் அதட்டலுக்குப் பழகியவர்கள். அவர்களுக்கு ஒரு தளபதி வந்து தமிழில் பேசினார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தப் படித்துறையில் உட்கார்ந்து யோசித்தேன். படித்த நடுத்தர வீட்டுப் பெண்களும் வந்தார்கள். கோலாலம்பூர் ஜானகி தேவர் அப்போது 18 வயதுப் பெண், பின்னாளில் மலேசிய அரசியலில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்டவர், 2014-ல் மறைந்தார். ஆனால் கூட்டம் தோட்டத்துக் கூட்டம். 1944-ல் அவர்களை பர்மாவுக்கு ஏற்றிப்போன சயாம் ரயில் பாதை, பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள் செத்து விழுந்து போட்ட பாதை. சொந்தக்காரர்கள் புதைந்த தண்டவாளத்தின்மேல் போனோம் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

நேரடிச் சண்டையில் ரெஜிமென்ட் இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேம்யோ வரை போனார்கள், இம்பால் தோல்வியோடு திரும்ப நேர்ந்தது. காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள், குண்டுவீச்சில் பதுங்கினார்கள், பர்மாவிலிருந்து நாள்கணக்கில் நடந்தார்கள். பின்வாங்கும் வழியில் ரயிலைத் தாக்கிய கொரில்லாக்களின் குண்டுக்கு ஸ்டெல்லா, ஜோசபின் என்று இரண்டு பெண்கள் பலியானார்கள். சண்டை போடவில்லை என்பதால் அது விளையாட்டுப் படை என்று எழுதியவர்களும் உண்டு. அப்படி எழுதியவர்கள் பர்மா மழையில் பூட்ஸோடு ஒரு நாள் நடந்து பார்த்திருக்கலாம்.

திரும்பும் வழியில் கான்பூர் நானா ராவ் பூங்காவையும் பார்த்தேன். 1857-ல் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டுக் கிணற்றில் போடப்பட்ட இடம். வெள்ளைக்காரர்கள் அங்கே ஒரு பளிங்குத் தேவதையை நிறுத்தியிருந்தார்கள். விடுதலைக்குப் பிறகு தேவதை கன்டோன்மென்ட் சர்ச்சுக்கு இடம் பெயர்ந்தது, பூங்காவுக்கு நானா சாகிப்பின் பெயர் வந்தது. யாரை எங்கே நினைக்க வேண்டும் என்பதில் இந்த ஊர் எப்போதும் சண்டை போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

லட்சுமிக்குக் கவுரவம் வராமல் இல்லை. 1998-ல் பத்ம விபூஷண். 2002-ல், 87 வயதில், இடதுசாரிகள் அவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தினார்கள். எதிரே ராமேஸ்வரத்து அப்துல் கலாம். ஜெயிக்க முடியாது என்று தெரிந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கலாமுக்கு 9,22,884 வாக்கு மதிப்பு, லட்சுமிக்கு 1,07,366. தமிழ்நாட்டில் அன்று கலாமைத் தவிர வேறு பேச்சே இல்லை. மெட்ராஸில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணியும் களத்தில் இருக்கிறார் என்று நம் பத்திரிகைகள் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம். தோற்றவர் கான்பூருக்குத் திரும்பிக் கிளினிக்கைத் திறந்தார்.

அவருக்காவது சுயசரிதை இருக்கிறது, ஒரு பேராசிரியர் எழுதிய நூல் இருக்கிறது, ஆர்ய நகரில் நினைவு வைத்திருக்கும் ஒரு மருந்துக் கடைக்காரர் இருக்கிறார். அவரோடு அணிவகுத்த தோட்டத்துப் பெண்கள் போர் முடிந்து மறுபடி அதே ரப்பர் மரங்களுக்குத்தான் திரும்பினார்கள். கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளைகளை வளர்த்து, பெரும்பாலும் பெயரில்லாமலே போய்விட்டார்கள். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ தமிழ்நாட்டிலோ இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது, "எங்க பாட்டி நேதாஜி பட்டாளத்துல இருந்தாங்க" என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருந்தால், அவர் பெயர், இருந்த தோட்டம், சேர்ந்த வருடம், கூட இருந்தவர்களின் பெயர்கள் என்று தெரிந்ததை எழுதிவையுங்கள். ஒரு பழைய போட்டோ இருந்தால் அதன் பின்னால் பெயரைக் குறியுங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ, கோலாலம்பூரில் இருக்கும் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ, கொல்கத்தாவின் நேதாஜி ஆய்வு மையத்துக்கோ ஒரு நகல் அனுப்புங்கள். சேர்ந்தபோது 18 வயதாக இருந்தவர்களுக்கே இப்போது 100 வயது. அவர்களிடம் நேரே கேட்டுக்கொள்ளும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.